வெடிக்காத அடுப்பு

மாரியாத்தா துணை

வெள்ளிமலைத் தோட்டம், மேக்கணக்கு,
கொட்டகலை
14-2-1954

என் தம்பி பெத்த தங்கமே நாகலெட்சுமி,

ஒன் அத்த பேச்சியம்மா எழுதுறேன். இங்க நானும் ஆடும் கோழியும் மூச்சோட இருக்கோம். முட்டிவலி மட்டும் பனி முடிஞ்சாத்தான் போவேன்னு அடம் பிடிக்குது. அங்க நீயும் மாப்புள செல்லசாமியும் எப்படி இருக்கீங்க? அவருக்கு அந்த இருமல் விட்டுச்சா? டயகம பக்கம் குளிரு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கும்னு சொல்றாங்க. கம்பளிய மடிச்சு வைக்காதே, போத்திக்க. பொட்டியில வச்சு யாருக்குக் காட்டப் போற?

ஆவணியில ஒன்னக் கட்டிக் குடுத்து, கூடவே வந்து என் கையால அடுப்புப் போட்டுக் குடுத்துட்டு வந்தேனே, அது எப்படி இருக்கு? அதத்தான் மொதல்ல கேக்கணும்னு நெனச்சேன், அதுக்குள்ள கம்பளி வந்துருச்சு. லயத்து வரிச வீட்டு அடுப்பு ஆறு மாசம் தாங்கினாலே பெரிசு. பக்கத்து வீட்டு மீனம்மா அடுப்பு மூணு மாசத்துக்கு மேல தாங்குனதா சரித்திரமே இல்ல. அவ கஞ்சியப் பொங்க விட்டு அடுப்பு தலையில ஊத்துவா. சுட்ட மண்ணுல பச்சத்தண்ணி பட்டா வெடிக்காம சிரிக்குமா?

ஒன் அடுப்புக்கு நான் வெறும் ஆத்துக் களிமண்ண வைக்கல. என் பழைய அடுப்ப இடிச்சு, சலிச்சு, அந்த வெந்த மண்ண ஒரு பங்கு கலந்தேன். மானாப்புல்ல பொடியா நறுக்கிப் போட்டேன். வெந்த மண்ணு சேர்ந்தா புது மண்ணு சுருங்காது. அதனால அது தாங்கும். ஆனா நீயும் பாத்துக்கணும். ஈர மிலாறு வெறக வாயில திணிக்காதே. கவ்வாத்து வெட்டின மிலாறுன்னா ஒரு மாசமாவது அடுப்புக்கு மேல அட்டல்ல காயட்டும். பெரிய சட்டிய ஒரு ஓரத்துல சாச்சு வைக்காதே. வெள்ளிக்கெழம சாணி போட்டு மொழுகு. சின்ன கீறல் விட்டா அன்னைக்கே சாம்பலும் களிமண்ணும் கொழச்சு அப்பிரு, நாளைக்குன்னு விடாதே.

ஒங்க மாமா இருந்தா இதையெல்லாம் கேட்டுட்டு, "அடுப்புக்கு இவ்வளவு வைத்தியமா"ன்னு சிரிப்பாரு. அவரு ஒலகச் சண்டைக்கு முந்தி, அம்மாவப் பாத்துட்டு வந்துர்றேன்னு இந்தியாவுக்குக் கப்பலேறினவரு. வரும்போது வருவாரு. அது கெடக்கட்டும்.

சித்திரையில மாரியம்மன் திருவிழா. நீயும் மாப்புளயும் கட்டாயம் வரணும். என்கிட்ட வந்து சேந்த மூணு வயசுலேருந்து என் இடுப்புல ஒக்காந்து தேரு பாத்த புள்ள, இந்த வருசம் ஜோடியா வந்து நிக்கிறத நான் பாக்கணும். வேற ஒண்ணும் ஆத்தாகிட்ட கேக்கல.

ஒன் மொகம் பாக்கக் காத்துக் கெடக்குற,
அத்த பேச்சியம்மா


சின்னக்காட்டுத் தோட்டம்,
டயகம வழி
2-3-1954

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் முட்டிவலி குறைய முருகனை வேண்டுகிறேன். இங்கு அனைவரும் நலம்.

தாங்கள் போட்டுக் கொடுத்த அடுப்பு இன்னும் புதியது போலவே இருக்கிறது. ஒரு கீறல்கூட விழவில்லை. விளிம்பில் தங்கள் விரல் பதிந்த தடம் அப்படியே உள்ளது. வெள்ளிக்கிழமைதோறும் மெழுகுகிறேன். பார்ப்பவர்கள் எல்லோரும் யார் போட்டது என்று கேட்கிறார்கள்.

இந்த மாதம் கொழுந்து அதிகம். விடுமுறை கிடைப்பது கடினம். திருவிழாவுக்கு வருவது பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பாதம் பணியும்,
நாகலெட்சுமி


மாரியாத்தா துணை

மேக்கணக்கு, கொட்டகலை
9-3-1954

அடி என் கண்ணு நாகு,

ஒன் காயிதம் வந்துச்சு. நான் சொகம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, அதுவும் சொகம். நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்புடுறீங்களா?

அதென்னடி "தங்கள் பாதம் பணியும்"? பேரின்பநாயகம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துலேருந்து வந்து ஒனக்கு அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு, நல்லதுதான். அதுக்காக அத்தைக்கும் பரீட்சையா எழுதுறது? ஒன் காயிதத்த மீனம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "என்னக்கா, கவர்மெண்டுக் கச்சேரியிலேருந்து நோட்டீஸு வந்திருக்கா"ன்னு கேக்குறா. ஒன் எழுத்து தெரியிது, ஒன் சத்தம் கேக்க மாட்டேங்குது. வீட்ல பேசுற மாதிரி எழுது தாயி.

ஆனா அடுப்பு சேதி படிச்சதும் எனக்குக் காலு தரையில நிக்கல. ஆவணியிலேருந்து ஒரு கீறல் இல்லையா! காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். வேலை பிரிக்கிற கண்டாக்கையா திரும்பிப் பாத்தாரு, பாக்கட்டும். எல்லாம் ஆத்தா செயல். ஒன் வீட்டுல அந்த மண்ணப் பெசையிறப்ப நான் ஆத்தா பேரச் சொல்லிச் சொல்லித்தான் பெசஞ்சேன். நெலச்ச அடுப்புதான் நெலச்ச குடும்பம், நாகு. எனக்கு இப்ப மனசு நெறஞ்சு போச்சு.

இப்ப லயத்துல பாதிப் பேரு என்னத்தான் அடுப்புப் போடக் கூப்புடுறாங்க. "ஒங்க மருமக அடுப்பு மாதிரி வேணும்"னு கேக்குறாங்க. நான் போயிப் போட்டுட்டு, ஒன் கதையச் சொல்லிட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன். மீனம்மாவுக்கும் போட்டேன். காயறதுக்குள்ள அவ சட்டிய வச்சிட்டா. அவளுக்கு ஆத்தாவே வந்து போட்டாலும் நிக்காது.

திருவிழாவுக்குக் கொழுந்து கொழுந்துன்னு சாக்குச் சொல்லாத. மாப்புளகிட்ட நான் கேட்டதாச் சொல்லு. அவரு கையால ஒரு வரி எழுதச் சொல்லேன். கல்யாணத்துல வாயத் தொறக்காம நின்ன மனுசன், எழுத்துலயாவது பேசுறாரான்னு பாப்போம்.

ஒங்க ரெண்டு பேருக்கும் துண்ணூறு மடிச்சு வச்சிருக்கேன். நெத்தியில பூசிக்கிங்க.

வழி பாத்திருக்கும்,
அத்த


சின்னக்காட்டுத் தோட்டம்
26-4-1954

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமறிய ஆவல். திருநீறு கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

திருவிழாவுக்கு வர இயலாது. அவருக்கு வேலை இருப்பதால் எழுத நேரம் கிடைக்கவில்லை. அவர் தங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

அடுப்பு நன்றாக இருக்கிறது.

ஆட்டுக்குட்டிகளை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகலெட்சுமி


மாரியாத்தா துணை

மேக்கணக்கு, கொட்டகலை
13-5-1954

அன்பு மருமக நாகலெட்சுமிக்கு,

அத்த எழுதுறேன். ஒடம்பு பரவாயில்ல. நீங்க நல்லாருக்கணும்.

திருவிழா முடிஞ்சிருச்சு. தேரு ரோட்டுத் திருப்பத்துல சேத்துல எறங்கிருச்சு. ஆம்பளைக எல்லாம் சேந்து தள்ளியும் அசையல. ரோதமுனிக்கு ஒரு சேவல் காட்டுறோம்னு சொன்ன பெறகுதான் நகந்துச்சு. தேயில ஸ்டோர்ல மிஷின் ரோதை சுத்துற எடத்துல இருக்குற முனி, தேர் சக்கரத்தையும் அவருதான் பாக்கணும்போல. நான் ஒனக்குன்னு ஒரு சோடி கண்ணாடி வளையல் வாங்கி வச்சிருக்கேன். பச்சை.

சாமி எங்க லயத்து வாசலுக்கு வந்தப்ப, தேங்காத் தட்ட வச்சிக்கிட்டு எம் பக்கத்துல ஒனக்கு எடம் விட்டு நின்னேன். யாரோ வந்து நின்னாங்க. நான் திரும்பிப் பாக்கல.

பூசை முடிஞ்சி பொங்கச் சோறு சாப்புடுறப்ப எல்லாரும் ஒன்னக் கேட்டாங்க. நானும் பெருமையாத்தான் சொன்னேன். "வர முடியல, ஆனா எம் மருமக குடும்பம் பண்ற அழகு, நான் போட்ட அடுப்பு வருசம் ஆகப் போவுது, ஒரு கீறல் இல்ல"ன்னேன். மீனம்மா வாயில சோத்த வச்சிக்கிட்டே சொல்றா:

"ஏக்கா, ஒம் மருமக அடுப்பு என்ன கோயில் அடுப்பா? திருவிழாவுக்குத் திருவிழாதான் பத்த வைக்கிறாளா? தெனம் ஒல கொதிக்கிற அடுப்பு ஒரு கீறலாவது விடாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. "ஒனக்கு அடுப்பு பாக்கத் தெரியாது, எரிக்கத்தான் தெரியும்"னு நான் ஏதாச்சும் சொல்லியிருக்கணும். பாதிச் சோத்துல எந்திரிச்சு கைய கழுவிட்டேன்.

அவ வெளயாட்டுக்குத்தான் சொன்னா. ஆனா அது என் நெஞ்சுல ஒக்காந்துக்கிச்சு. நான் போட்ட அடுப்புதான், இங்க மூணு வீட்ல போட்டிருக்கேன். அதே மண்ணு, அதே கை. மூணும் லேசா கீறல் விட்டிருச்சு. என் அடுப்பே வாய்கிட்ட ரெண்டு தடவ பூசியாச்சு. ஒன்னோடது மட்டும் எப்படி நாகு?

மாப்புளய நான் கேட்டதாச் சொல்லு. சட்டுனு பதில் போடு.

அத்த பேச்சியம்மா


மாரியாத்தா துணை

மேக்கணக்கு, கொட்டகலை
11-6-1954

நாகு,

நான் இருக்கேன். நீ எப்படி இருக்க?

பதிலே காணோம். தப்பால்காரரு மேட்டுல ஏறுறப்பவே நான் கூடையோட நின்னு பாக்குறேன். அவரு தூரத்துலேயே கைய விரிச்சுக் காட்டிட்டுப் போறாரு. "ஒங்களுக்கு இல்லீங்க, வேலையப் பாருங்க"ன்னு நேத்து வாய்விட்டே சொல்லிட்டாரு.

மழை விடாமப் பெய்யிது. அட்டை காலெல்லாம் ஏறுது. அதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான்.

எனக்கு எதுவும் வேணாம். திருவிழாவுக்கு வராதது, மாப்புள ஒரு வரி எழுதாதது, அதெல்லாம் விட்டுர்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுது. நேத்து என்ன கொழம்பு வச்ச?

எழுத்துத் தமிழ்ல எழுதாதே.

அத்த


சின்னக்காட்டுத் தோட்டம்
27-6-1954

அத்த,

நேத்து ஒண்ணும் வைக்கல. முந்தாநாளும் வைக்கல.

நீங்க கேட்டத நாலஞ்சு தரம் படிச்சேன். எழுத்துத் தமிழ்ல எதச் சொன்னாலும் பொய்யி மாதிரியே தெரியாது அத்த. "அனைவரும் நலம்"னு எழுதிரலாம். பேசுற மாதிரி எழுதினா வராது. அதான் அப்படி எழுதினேன்.

அவரு இங்க இல்ல. தீவாளி முடிஞ்ச மறு வாரம், இந்தியாவுல துறையூர்லேருந்து அவங்க அம்மாவுக்கு முடியலன்னு தந்தி வந்துச்சு. போனாரு. தலைமன்னார் வரைக்கும் ரயில்ல போயி, கப்பலேறிட்டேன்னு ஒரு காயிதம். அம்மா தவறிட்டாங்கன்னு தையில ஒரு காயிதம். திரும்பி வர்றதுக்குக் கவர்மெண்டுத் தாளு வேணுமாம். அதுக்கு எழுதிப் போட்டிருக்காராம். வரும், வந்ததும் மறு கப்பல்ன்னு எழுதியிருந்தாரு. அதுக்குப் பெறகு பங்குனியில ஒண்ணு. அதுலயும் அதே சேதிதான். இப்ப ஒண்ணும் இல்ல.

ஒங்ககிட்ட எப்படி அத்த சொல்றது? "அம்மாவப் பாத்துட்டு வந்துர்றேன்"ன்னு வாசப்படியில நின்னு அவரு சொன்னப்ப, எனக்கு ஒங்க மொகந்தான் வந்துச்சு. மாமாவும் அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. அதே வார்த்த. அத இன்னொரு தடவ ஒங்களக் கேக்க வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவரு வந்த பெறகு சொல்லிக்கலாம், ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே ஒங்க முன்னால வந்து நிக்கலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு மாசமும் அப்படியே நெனச்சேன்.

அடுப்பு வெடிக்காதது ஆத்தா செயல் இல்ல. நான் பத்த வைக்கிறதில்ல. மொதல்ல கொஞ்ச நாளு சமைச்சேன். சோத்த எறக்கி வைக்கிறப்ப கையி தன்னால ரெண்டு தட்டு எடுக்குது. அப்புறம் கதவப் பாப்பேன். ஆறுற வரைக்கும் பாத்துட்டு இருப்பேன். அது முடியல அத்த. இப்ப பக்கத்து வீட்டு வீரம்மா அக்காகிட்ட என் அரிசியக் குடுத்துர்றேன். அவங்க ஒலையிலேயே சேத்துப் போட்டுத் தருவாங்க. அவங்களுக்கு நான் வெறகு தூக்கிக் குடுக்குறேன். பல நாளு ரொட்டியும் தேத்தண்ணியும்தான்.

ஆனா வெள்ளிக்கெழம மொழுகுறது மட்டும் உண்மை. எரியாத அடுப்பத்தான் மொழுகுறேன்.

கோவிச்சுக்காதீங்க.

நாகு


மாரியாத்தா துணை

மேக்கணக்கு, கொட்டகலை
3-7-1954

என் தாயி,

கோவமில்ல. ரெண்டு நாளு வாயத் தொறக்கல, அவ்வளவுதான். மீனம்மா பயந்து போயி, "அக்கா, ஒடம்புக்கு என்னா"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா.

எனக்குத் தெரிஞ்சிருக்கணும். திருவிழாவுல மீனம்மா அந்த வார்த்தயச் சொன்னப்பவே தெரிஞ்சிருச்சு, மனசு ஒத்துக்கல. ஒங்க மாமா கப்பலேறின வருசம் என் அடுப்பும் வெடிக்கல நாகு. நீ அப்ப சின்னப் புள்ள. ஒனக்குப் பசிக்கும்னுதான் மறுபடி பத்த வச்சேன். இல்லாட்டி அது இன்னைக்கும் புதுசாத்தான் இருந்திருக்கும். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எல்லாம் தெரிஞ்ச நானே, நெலச்ச அடுப்பு நெலச்ச குடும்பம்னு ஒனக்கு எழுதினேன் பாரு. அதப் படிச்சிட்டு நீ என்ன பண்ணியிருப்ப. ஆத்தா, என் நாக்க என்ன செய்யலாம்.

நீ இங்க வந்துரு. கண்டாக்கையாகிட்ட கேட்டு இங்கயே பேரு பதிஞ்சுக்கலாம். ஒன் பழைய எடத்துலேயே படுத்துக்க. கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம். மாப்புளைக்கு இந்த விலாசத்த எழுதிப் போடு, வரும்போது இங்க வரட்டும்.

துணியக் கட்டு. எப்ப வர்றன்னு மட்டும் எழுது, நான் கொட்டகல பஸ்ஸுக்கு வந்து நிக்கிறேன்.

ஒன் அத்த


சின்னக்காட்டுத் தோட்டம்
25-7-1954

அத்த,

நான் இருக்கேன். நீங்க நல்லாச் சாப்புடுங்க. நான் சாப்புடலன்னு நீங்க சாப்புடாம இருப்பீங்க, எனக்குத் தெரியும்.

நான் வரல அத்த. வர ஆசைதான். ஒங்க மடியில தலைய வச்சுக்கிட்டு நாள் பூரா படுத்துக் கெடக்கணும்போல இருக்கு. ஆனா அவரு கப்பல விட்டு எறங்கினா இந்த வாசலுக்குத்தான் வருவாரு. அந்தத் தாளுலயும் இந்த விலாசந்தான் எழுதியிருக்காராம். விலாசம் மாறினா அதுக்கும் மொதல்லேருந்து எழுதணும்னு ஆயிருமோன்னு பயமா இருக்கு. அதெல்லாம் விடுங்க. அவரு வந்து கதவத் தட்டி, வேற யாராச்சும் தொறந்தா?

ஒங்களுக்கு இது தெரியாதா அத்த? ஹட்டன்ல எங்க சித்தப்பா எத்தனையோ தரம் கூப்புட்டாரே, டவுனுக்கு வந்து கூட இருன்னு. நீங்க ஏன் அந்த மேக்கணக்கு லயத்து ஒத்தறைக் காம்பராவ விட்டு நகரல?

இன்னொண்ணும் இருக்கு. சொல்லாம விட்டா மறுபடி எழுத்துத் தமிழுக்குப் போயிருவேன். போன வாரம் கணக்கப்புள்ள லயம் பாக்க வந்தாரு. நேரா உள்ள வந்து, அடுப்பு மேல கைய வச்சாரு. "சில்லுன்னு கெடக்கு"ன்னாரு.

"ஆளு எங்க?"

"ஊருக்குப் போயிருக்காருங்க. வந்துருவாரு."

"எல்லாரும் வந்துருவாங்கன்னுதான் சொல்றீங்க. கடேசியில இருக்குற தொங்க லயத்துல ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் முட்டிக்கிட்டுக் கெடக்கு. அடுப்பு எரியாத காம்பராவ ஒத்தப் பொம்பளைக்குக் குடுத்து வைக்க முடியுமா? ஆடி முடியட்டும், நீ வீரம்மா வீட்டோட ஒதுங்கிக்க. இதுல ஒரு குடும்பத்தப் போடுறேன்."

"என் புருசன் வந்தா?"

"வந்தா அப்ப பாப்போம்"ன்னுட்டுப் போயிட்டாரு.

இப்ப தெனம் பத்த வைக்கிறேன். வெறும் தண்ணியக் கொதிக்க வைக்கிறேன் அத்த, பொகை தெரியட்டும்னு. ஆனா ஒத்த ஆளு ஒத்த ஆளுதானே. கணக்கப்புள்ளைக்கு என்ன, கணக்குல தலை எத்தனைன்னுதான் பாப்பாரு. ஆடிக்குப் பெறகு இந்தக் கதவு எனக்கு இல்ல. என்ன செய்யிறதுன்னு தெரியல. ஒங்ககிட்டதான் சொல்றேன், வேற யாருகிட்ட சொல்லுவேன்.

நாகு


மாரியாத்தா துணை

மேக்கணக்கு, கொட்டகலை
3-8-1954

என் நாகு,

அத்த சொகமா இருக்கேன். முட்டி வலிக்கிது, நடக்கிது. நீ இனிமே வெறும் தண்ணியக் கொதிக்க வைக்காதே. அது அடுப்புக்கும் கேடு, வயித்துக்கும் கேடு.

நீ கேட்டியே, நீங்க ஏன் நகரலன்னு. ஒன் காயிதத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு மலைக்குப் போனேன். கொழுந்து கையில வரவே இல்ல. கங்காணி வந்து, "என்ன பேச்சியம்மா, செடிக்குச் சோறு ஊட்டுறியா"ன்னு கேட்டாரு. சாயந்தரம் வீட்டுக்கு வந்து வாசப்படியில நின்னு பாத்தேன். ஒங்க மாமா எந்தப் பக்கமா எறங்கிப் போனாரோ அந்தப் பாதை இப்ப இல்ல நாகு. அதுல புதுச்செடி போட்டு, அதுவும் பெரிசாயி, கவ்வாத்தும் பண்ணிட்டாங்க. அவரு வந்தாலும் வழி கேட்டுத்தான் வரணும். எப்படியும் யாரையாச்சும் வழி கேக்கத்தான் போறாரு. அப்ப நான் எங்க இருந்தா என்ன?

வந்தா வருவாரு. அத நான் விடல. எனக்கு இந்தக் கதவுதான் வேணும்னு இனிமே சொல்லல. ஒனக்கு அந்தக் கதவு வேணும். ஒனக்கு வேண்டிய கதவு இன்னும் தொறந்துதான் இருக்கு.

நான் வர்றேன்.

கண்டாக்கையாகிட்ட சொல்லிட்டேன். வயசாச்சு, பேர வெட்டிருங்கன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. "நீயா கேக்குற?"ன்னாரு. நாந்தான்னேன். அங்க வந்து பேரு பதியாம அன்னன்னைக்குக் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பேன், கை இன்னும் சாகல. நீ கணக்கப்புள்ளகிட்ட போயி நேரா நின்னு சொல்லு: "என் அத்தை வர்றாங்க, இது ரெண்டு பேரு குடும்பம், ஆளு வந்தா மூணு பேரு." எழுத்துத் தமிழ்லயே சொல்லு. அதுக்குத்தானே படிச்ச.

ஆடியில வீடு மாறக் கூடாதுன்னு மீனம்மா ஒரே அழுகை. நானும் ஆவணி பொறக்கட்டும்னுதான் மொதல்ல நெனச்சேன், ஆனா கணக்கப்புள்ள பஞ்சாங்கம் பாத்தா ஆள மாத்துவாரு? கோயிலுக்குப் போயி ஆத்தா முன்னால ஒக்காந்துட்டேன். "ஆடி ஒன் மாசந்தானே. ஒன் மாசத்துல ஒரு பொட்டப்புள்ள கதவ இழக்கலாம், ஒரு கெழவி மூட்ட தூக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா சரின்னு அர்த்தம். திருப்பித் திருப்பிக் கேட்டா மாத்திச் சொல்லிருவாளோன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

என் அடுப்ப இடிச்சிட்டு வரலாம்னு கடப்பாறைய எடுத்தேன். மீனம்மா மகன் சோலைமலைக்குப் போன மாசந்தான் கல்யாணம். அவனும் பொண்டாட்டியும் மீனம்மா காம்பராவுல ஒட்டிக்கிட்டுக் கெடக்காங்க. இந்தக் காம்பராவ அவனுக்குத்தான் குடுக்கப் போறாங்களாம். அந்தப் புதுப்பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு, "பெரியம்மா, அத விட்டுட்டுப் போங்க, எனக்கு அடுப்புப் போடத் தெரியாது"ங்குது. கடப்பாறைய கீழ வச்சிட்டேன். சாம்பலும் களிமண்ணும் எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தேன். ஒங்க மாமா வந்தா இங்க அடுப்பு எரியும், ஆளுதான் வேற. மீனம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவரு வந்தா ஒக்கார வச்சு ஒரு தேத்தண்ணி குடுத்துட்டு, டயகம பஸ்ஸுல ஏத்தி விடுன்னு. "நான் குடுக்குற தேத்தண்ணியக் குடிச்சா அவரு மறுபடி கப்பலேறிருவாருக்கா"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவ மூக்கச் சிந்திக்கிட்டே கோழியப் புடிச்சுக் கூடையில போட்டுக் குடுத்தா.

ஆட்ட வித்தாச்சு. கோழி வருது. கம்பளி வருது. ஒன் வளையலும் வருது.

வர்ற ஞாயித்துக்கெழம பஸ்ஸு. வழியில மழைக்கு ரோடு சரிஞ்சிருந்தா பொழுது சாயும். நீ ரோட்டுக்கு வந்து நனஞ்சுக்கிட்டு நிக்காதே. வீட்லயே இரு. அரிசிய வீரம்மாகிட்ட குடுக்காதே, ரெண்டு பேருக்கு ஒலைய வையி. கஞ்சி பொங்கினா பொங்கட்டும், வெடிச்சா வெடிக்கட்டும். நான் மேட்டுல ஏறி வர்றப்ப ஒன் கூரையில பொகை தெரியணும்.

அத்த